மேனேஜர் சாப்பிடவில்லை

மேனேஜர் இன்றைக்கும் சாப்பிடவில்லை.

மெக்கானிக் வேலை முடிந்து வந்ததும், தோளில் மாட்டிய டூல்ஸ் பையைக்கூட இறக்காமல் முதலில் போய்ப் பார்ப்பது அந்தக் கண்ணாடிப் பெட்டியைத்தான். காலையில் பொடியாக நறுக்கி வைத்த கீரை வைத்தபடியே வாடிக் கிடந்தது. துருவிய கேரட் காய்ந்து சுருண்டு போயிருந்தது. நடுவில் மேனேஜர், தாடியைக் கரியாகக் கறுக்கவைத்துக்கொண்டு, உனக்கெல்லாம் யார் வேலை கொடுத்தது என்று கேட்கிற மாதிரி அவனை ஏற இறங்கப் பார்த்தது.

மேனேஜர் என்பது ஓர் ஓணான். செடிகொடிகளில் ஓடுகிற ஓணான் இல்லை. பியர்டட் டிராகன் என்று கடையில் விற்கிற வளர்ப்பு ஜாதி. முழங்கை நீளம், மணல் நிறம், தொண்டையைச் சுற்றி முள்முள்ளாகத் தாடி. மனசு சரியில்லை என்றால் அந்தத் தாடி கறுத்துப்போகும். நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு வேலையும் செய்யாமல் எல்லாரையும் முறைக்கிறது என்பதால் மேனேஜர் என்று பெயர். வைத்தவள் அவன் மனைவியின் மகள்.

மனைவியின் மகள் என்று சுற்றி வளைப்பதற்குக் காரணம் இருக்கிறது. மகள் என்று சொல்லிவிட்டுப் போக அவனுக்கு ஆசைதான். ஆனால் அந்தப் பெண் அவனை எதுவென்றும் கூப்பிட்டதில்லை. பதின்மூன்று வயசு. கல்யாணம் முடிந்து அம்மாவோடு அவன் ஃபிளாட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து, அவனிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் "இங்க பாருங்க" என்பாள். அதுவும் வாயில் வராவிட்டால் தொண்டையைச் செருமுவாள். அவன் திரும்பிப் பார்த்ததும் விஷயத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள். மரியாதைக்குக் குறைவில்லை. அந்த மரியாதைதான் அவனை உறுத்தியது.

இப்போது அதற்கும் ஆபத்து வந்துவிட்டது. பெண்ணின் பெரியம்மா ஃபோனில் பேசியிருக்கிறாள்.

"ஓணான் பட்டினி கிடக்குதாமே தம்பி" என்றாள் அவனிடமும். "எங்க வீட்டு மாடியில வெயில் இருக்கு, இடம் இருக்கு. ஞாயித்துக்கிழமை கார் எடுத்துட்டு வரேன். ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிடறேன். ஸ்கூல்கூட எங்க தெரு முனையிலேயே இருக்கு."

"ரெண்டு பேரையும்னா, அக்கா?"

"ஓணானையும் பொண்ணையும்தான். அவளே சரின்னுட்டா."

அவளே சரியென்றுவிட்டாள். இதைக் கேட்டதும் அவன் மனைவி ஒன்றும் அழுது ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. அவள் ஆஸ்பத்திரி நர்ஸ். எதற்கும் பதறுகிற ஆளில்லை. டியூட்டிக்குப் போட வேண்டிய உடுப்பை மடித்தபடி, "அவ போயிட்டா நான் இங்க பாதி ஆளாத்தான் இருப்பேன். இப்பவே சொல்லிட்டேன்" என்றாள். அவ்வளவுதான். கத்தியிருந்தால்கூடத் திருப்பிக் கத்திவிட்டு நிம்மதியாக இருந்திருப்பான்.

ஆக, அந்த ஓணான் வாயைத் திறந்து ஒரு இலையைத் தின்றால் அவன் குடும்பம் குடும்பமாக இருக்கும். தின்னாவிட்டால் இல்லை. ஒரு மனிதனுடைய வாழ்க்கை எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

இத்தனைக்கும் அவன் குறை வைக்கவில்லை. குடிவந்த அன்று மேனேஜர் வந்து இறங்கிய கோலத்தைப் பார்த்திருக்க வேண்டும். விரிசல் விட்ட பழைய மீன்தொட்டி. அதன் ஒரு கோடியில், கழுத்து ஒடிந்து டேப் சுற்றிய மேஜை விளக்கு. விளக்குக்குக் கீழே ஒரு செங்கல். மறுகோடியில் செருப்பு வாங்கின அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, வாசல் வெட்டி வைத்த குகை. மேலே மொட்டையாக ஒரு டியூப் லைட். சொத்து மொத்தமும் அவ்வளவுதான். மெக்கானிக் தன் தெர்மாமீட்டரை எடுத்து உள்ளே விட்டுப் பார்த்தான். செங்கல் பக்கம் நாற்பது. அட்டைப்பெட்டிப் பக்கம் இருபத்தைந்து. அவனுக்குப் பகீரென்றது.

அவன் தொழில் அப்படி. குளிர்பதனக் கிடங்குகளுக்கு கோல்டு ரூம் போட்டுக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும் அவன் வேலை. அந்தத் தொழிலுக்கு ஒரே ஒரு வேதம்தான் உண்டு: அறையின் எந்த மூலையில் வைத்துப் பார்த்தாலும் தெர்மாமீட்டர் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். ஒரு மூலையில் சூடு தேங்கினால் அந்த மூலைப் பழம் அழுகும். பழம் அழுகினால் கிடங்குக்காரர் மெக்கானிக்கின் சட்டையைப் பிடிப்பார். காற்று எல்லா இடத்துக்கும் ஓட வேண்டும், எதுவும் எதையும் மறைக்கக் கூடாது, மூலை என்று ஒன்று இருப்பதே தெரியக் கூடாது. வயசில் பாதியை இதற்குக் கொடுத்தவன் அவன்.

"என்ன அநியாயம் இது. ஒரு பக்கம் வேகுது, ஒரு பக்கம் விறைக்குது. வாயில்லா ஜீவனை வெச்சு இப்படியா படுத்தறது" என்றான் மனைவியிடம்.

"அது அப்படித்தான் இருக்கணும்னு அவ ஏதோ சொல்லுவா" என்று தலையை வாரிக்கொண்டே சொன்ன மனைவி, பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டாள். அந்தச் சொல் அவன் காதில் விழுந்தது. மண்டைக்குள் போகவில்லை. சின்னப் பெண், ஏதோ விளையாட்டாக வைத்திருக்கிறாள் என்று நினைத்தான்.

அவனுக்கு ஒரு நப்பாசையும் இருந்தது. பேச்சில் பிடிகொடுக்காத பெண்ணைக் கைவேலையால் பிடித்துவிடலாம் என்று. பால்கனியையே பட்டறையாக மாற்றினான். பிளைவுட் அறுத்து, உள்பக்கம் இன்சுலேஷன் ஒட்டி, முன்னால் தள்ளுகிற கண்ணாடி போட்டு, ஆள் படுக்கலாம் போல ஒரு பெட்டி செய்தான். சூட்டு விளக்குகளைச் சம இடைவெளியில் பொருத்தினான். பழைய மெஷினிலிருந்து கழற்றிய குட்டி ஃபேன் ஒன்றை மாட்டிக் காற்றைச் சுழல விட்டான். அந்த டியூபையும் உள்ளே மாட்டி, அதை மூடிப் பளபளவென்று பிளாஸ்டிக் மூடி போட்டான். கோல்டு ரூமில் விளக்கு உடைந்தால் கண்ணாடித் தூள் சரக்கில் விழக் கூடாது என்று எல்லா விளக்குக்கும் மூடி போடுவது அவர்கள் வழக்கம். செருப்புப் பெட்டியைக் குப்பையில் போட்டான். ஓணானுக்கு எதற்குக் குகை, காற்றை மறித்துக்கொண்டு?

எல்லாம் முடிந்ததும் தெர்மாமீட்டரை வைத்தான். இந்த மூலை முப்பத்திரண்டு. அந்த மூலை முப்பத்திரண்டு. நடுவில் முப்பத்திரண்டு. இப்படி ஒரு வேலையைத் தன் முதலாளிக்குக்கூட அவன் செய்து கொடுத்ததில்லை.

பெட்டி அந்தப் பெண்ணின் அறைக்குள் போக மறுத்தது. கதவு இருந்தால் ஒரு விரல் கனத்துக்கு இடித்தது. சரியென்று கதவைக் கீலோடு கழற்றிப் பால்கனியில் சாய்த்துவிட்டு, பெட்டியை உள்ளே தள்ளினான். மேனேஜரைப் புது வீட்டில் விட்டபோது அந்தப் பெண் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எப்படி இருக்கு?" என்றான்.

"பெரிசா இருக்கு" என்றாள். செங்கல்லை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.

கதவை அப்புறம் மாட்டிக்கொள்ளலாம் என்று இருந்தான். பிறகு பார்த்தால் கதவு இல்லாததே நன்றாகத்தான் இருந்தது. ஹாலில் உட்கார்ந்தாலே பெட்டி தெரிகிறது, பெண் படிப்பது தெரிகிறது, வீடு முழுக்கக் காற்று ஓடுகிறது. மனைவி, "அந்தக் கதவை எப்ப மாட்டப் போறீங்க?" என்று கேட்டபோதெல்லாம், "மாட்டலாம், மாட்டலாம். இப்ப காத்தோட்டம் எப்படி இருக்கு பாரு" என்பான். கதவை இரண்டு டிரம்மின் மேல் படுக்கப்போட்டு, அதன்மேல் வைத்துப் பலகை அறுத்துக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து பிடித்தது சனியன். மேனேஜர் சாப்பாட்டை நிறுத்தியது. கண்ணாடியில் முன்னங்காலை வைத்துச் சுரண்டு சுரண்டு என்று சுரண்டியது. இந்தக் கோடிக்கு ஓடும், அந்தக் கோடிக்கு ஓடும், நடுவில் வந்து உட்கார்ந்து தாடியைக் கறுக்கவைக்கும்.

ஓணான் வாங்கின கடைக்காரனிடம் போனான். "இடம் மாறியிருக்கு இல்ல, அதான் அண்ணே. உயிரோட இருக்கற பூச்சி போடுங்க. ஓடறதப் பாத்தா தானா பசி வரும்" என்று ஒரு டப்பா சுவர்க்கோழியைத் தலையில் கட்டினான் அவன். டப்பா மூடி சரியாக மூடவில்லை. பாதி பூச்சி ஃபிரிட்ஜுக்குப் பின்னால் குடியேறிக் கச்சேரி வைத்தது. நைட் டியூட்டி முடிந்து பகலில் தூங்க வந்த மனைவி, தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு அவனைப் பார்த்த பார்வையில் அவன் டப்பாவோடு பால்கனிக்கு நழுவினான். மேனேஜரோ தன் மூக்கு மேல் ஏறி நடந்த பூச்சியைக்கூடச் சட்டை பண்ணவில்லை.

கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனான். நாய்க்கும் பூனைக்கும் ஊசி போட்டுப் பழகிய மனிதர், துண்டை விலக்கி மேனேஜரைப் பார்த்ததும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"சாப்பிடலையா?"

"ஆமா டாக்டர்."

"பிடிச்சதா ஏதாவது கொடுத்துப் பாருங்களேன்."

இதற்கு ஃபீஸ் வேறு.

வேலை செய்கிற இடத்தில் விஷயம் எப்படியோ பரவிவிட்டது. பழக் கிடங்கு சூப்பர்வைசர் அம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது. "என்ன மெக்கானிக், ஓணானுக்கு ஏசி ரூம் கட்டிக் கொடுத்தீங்களாமே. எங்க ஆபீஸ் ஃபேன் ஆடிக்கிட்டே இருக்கு, அதுக்கும் தாடி முளைச்சாத்தான் வருவீங்களா?" என்றாள். கூட நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனும் சிரித்து வைத்தான். உள்ளே எரிந்தது.

போதாததற்கு அந்தப் பெண் வேறு பாத்ரூமே கதி என்று கிடந்தாள். வீட்டில் இருப்பது ஒரே பாத்ரூம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்வாள். தண்ணீர் விழுகிற சத்தமும் கேட்காது. வியர்த்து விறுவிறுத்து வந்த மனிதன் வாசலில் துண்டோடு எவ்வளவு நேரம் நிற்பது? "உள்ள குடித்தனமா பண்றா?" என்று முணுமுணுத்தபடி கதவைத் தட்டுவான். வெளியே வருவாள், கையில் எதையோ துண்டுக்குள் சுற்றி வைத்துக்கொண்டு, அவன் முகத்தைப் பாராமல் போய்விடுவாள். ஓணானும் பேசாது, இவளும் பேச மாட்டாள். நல்ல ஜோடி என்று பல்லைக் கடித்துக்கொள்வான்.

வெள்ளிக்கிழமை பழக் கிடங்கில் ஒரு வேலை. கோல்டு ரூமுக்குள் சென்சர் பழுது. உள்ளே குனிந்து வேலை பார்த்ததில் விரல் மரத்துப்போய் ஸ்க்ரூ டிரைவர் கையில் நிற்கவில்லை. வெளியே வந்து, எப்போதும் செய்கிறபடி, கண்டென்சர் சூட்டுக்காற்றைத் தள்ளுகிற இடத்தில் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அந்தச் சூடு முதுகெலும்பில் ஏற ஏற, உடம்புக்கு உயிர் வந்தது. வயிற்றில் பசிகூடத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் கசகசவென்று ஆகிவிட்டது. ஒதுங்கி நிழலுக்கு வந்தான். பிறகு உள்ளே போனான். மறுபடி விரல் மரத்தது. மறுபடி கண்டென்சருக்கு முன்னால் வந்து நின்றான்.

"எத்தனை வருஷமா பாக்கறேன்" என்றாள் சூப்பர்வைசர் அம்மா, கையில் டீயோடு அந்தப் பக்கம் வந்தவள். "உள்ள போறீங்க, வெளிய வரீங்க, இங்க வந்து வெயில் காயறீங்க. வீட்டுல இருக்கறது ஓணானா, நீங்க ஓணானா?"

மெக்கானிக் ரூம் கதவைப் பார்த்தான். முதுகில் சூட்டுக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. எதிரே ரூம் கதவு இடுக்கிலிருந்து குளிர் காலைத் தொட்டது. நாற்பது, இருபத்தைந்து. ஒடிந்த விளக்கு, செங்கல், செருப்புப் பெட்டி. இந்தக் கோடிக்கு ஓடும், அந்தக் கோடிக்கு ஓடும். அது எதைத் தேடி ஓடியிருக்கிறது? சூடு வேண்டும் என்றால் போக ஓர் இடம், போதும் என்றால் போக ஓர் இடம். இரண்டையும் அழித்துவிட்டு, எங்கே போனாலும் ஒரே முப்பத்திரண்டு என்று அல்லவா கட்டி வைத்திருக்கிறான். அது அப்படித்தான் இருக்கணும் என்று மனைவி சொன்னது இப்போதுதான் மண்டைக்குள் போயிற்று. அட மடையா என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டான்.

"யார சொல்றீங்க?" என்றாள் அந்த அம்மா.

"என்னத்தான்" என்றான். சென்சரை முடித்துவிட்டு நேரே வீட்டுக்கு ஓடினான்.

ஃபேனைப் பிடுங்கி எறிந்தான். ஒரு கோடியில் மட்டும் விளக்கை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கழற்றினான். மறுகோடியில் கவிழ்த்துவைக்க, தன் புது ஷூ வந்த பெட்டியைக் காலி செய்து வாசல் வெட்டினான். செங்கல்லைத் தேடிப் பால்கனி முழுக்கக் குடைந்தான். அந்த நேரம் பாத்ரூம் தாழ் திறக்கிற சத்தம் கேட்டு, பெண் வந்து நின்றாள்.

"செங்கல் எங்க?" என்றான்.

அவள் அறைக்குள் போய்க் குனிந்து, தன் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துக் கொடுத்தாள். துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தாள். அவன் அதை விளக்குக்குக் கீழே வைத்தபோது தொண்டையைச் செருமினாள்.

"இங்க பாருங்க. டியூப் மேல இருக்கற மூடியையும் எடுக்கணும். அந்த லைட்டு வெயில் மாதிரி. மூடி இருந்தா வெளிச்சம் வரும், வெயில் வராது."

அவன் வீட்டுக்குக் குடிவந்த பிறகு அவள் அவனிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அது. அதுவும் குற்றப்பட்டியலாகவே அமைந்தது.

"இத ஏன் முதல்லயே சொல்லல?"

"நீங்க கேக்கல" என்றாள்.

அவனுக்குச் சுருக்கென்றது. மூடியைக் கழற்றினான்.

சனிக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் மேனேஜர் செங்கல் மேல் படுத்து வாயை அகலத் திறந்து வைத்திருந்தது. போச்சு, வெந்துவிட்டது, பெரியம்மா வருவதற்குள் கொன்றேவிட்டோம் என்று பிளக்கைப் பிடுங்கப் போனான்.

"விடுங்க" என்றாள் பெண், பல் துலக்கிக்கொண்டே. "வாயத் திறந்தா சூடு போதும்னு அர்த்தம். இப்ப அதுவே இறங்கிப் போகும் பாருங்க."

சொல்லி வாய் மூடவில்லை. மேனேஜர் செங்கல்லிலிருந்து இறங்கி, அலுவலகத்தைச் சுற்றிப் பார்க்கிற தோரணையில் நடந்து, ஷூ பெட்டிக்குள் போய்த் தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு படுத்தது. தாடி மணல் நிறத்துக்கு வந்திருந்தது. வெயில் ஏறின பிறகு வந்து, தட்டைப் பார்த்தது, அவனைப் பார்த்தது, ஒரு கீரை இலையைக் கவ்வி மென்றது. மென்றது என்றால் சும்மாவா, சப்புக்கொட்டித் தின்றது. தட்டு காலி. ஃபிரிட்ஜுக்குப் பின்னாலிருந்து அவன் துரத்திப் பிடித்துக் கொண்டுவந்து போட்ட சுவர்க்கோழியையும் நாக்கை நீட்டிச் சுருட்டியது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை நாள் படுத்தியதற்கு அதன் காலைப் பிடித்துக் கும்பிடலாமா, கழுத்தைப் பிடித்துத் திருகலாமா என்று தெரியவில்லை.

ஆயிற்று, பிரச்சினை தீர்ந்தது, பெண் இருந்துவிடுவாள் என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு ஹாலுக்கு வந்தான். திரும்பிப் பார்த்தால் அவள் கட்டில் மேல் பையைத் திறந்து வைத்துத் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

சமையலறைக்குப் போய் மனைவியிடம் வெடித்தான். "அதான் சாப்பிட்டுடுச்சே. இன்னும் என்ன வேணுமாம்? வாயத் திறந்து சொன்னாத்தானே தெரியும். நான் என்ன ஜோசியக்காரனா? இந்த வீட்டுல எந்தக் கதவ சாத்தினேன் அவளுக்கு?"

மனைவி அடுப்பை அணைத்தாள். அவனை நிதானமாகப் பார்த்தாள்.

"எந்தக் கதவையும் சாத்தல. அதான்" என்றாள்.

இவளும் புதிர் போட ஆரம்பித்துவிட்டாள் என்று எரிச்சலோடு முகம் கழுவப் போனான். பாத்ரூம் உள்ளே தாழ் போட்டிருந்தது. அதற்குள் எப்படிப் போனாளோ. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தட்டுவதற்குக் கையை ஓங்கினான்.

உள்ளே தண்ணீர்ச் சத்தம் இல்லை. ஏதோ சரசரவென்றது. நோட்டுப் புத்தகத்தில் பக்கம் திருப்புகிற சத்தம். பிறகு பேனா மூடி கீழே விழுந்து உருண்டது. அந்தப் பெண் மெல்ல, யாருக்கும் கேட்காத குரலில், ஒரு பாடத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. திரும்பி ஹாலைப் பார்த்தான். ஹாலிலிருந்து அவள் அறை. கட்டில், மேஜை, திறந்த பை, பெட்டி, ஷூ டப்பாவுக்குள்ளிருந்து தலை நீட்டுகிற மேனேஜர். எல்லாம் தெரிந்தது. எதுவும் எதையும் மறைக்கவில்லை. இந்த வீட்டில் அவள் உள்ளே தாழ் போட்டுக்கொள்ள முடிகிற ஒரே இடம் இந்தப் பாத்ரூம்தான். பதின்மூன்று வயசுப் பெண் துணி மாற்றுவது எங்கே, அழ வேண்டுமென்றால் அழுவது எங்கே, தன்பாட்டுக்குச் சும்மா உட்கார்ந்திருப்பது எங்கே? அதிலும் இவன் வந்து தட்டித் தட்டித் துரத்தியிருக்கிறான். அவனுக்கு வெட்கமாகப் போயிற்று. முகம் கழுவாமலேயே பால்கனிக்குப் போனான்.

கதவு பரிதாபமாகக் கிடந்தது. ரம்பம் அறுத்த கோடு, சிலிக்கான் ஒட்டிய திட்டு, டீ கிளாஸ் வைத்த வட்டம். அறுபட்ட கோடுகளில் மக்குப் பசை வைத்து அடைத்தான், தேய்த்தான். தேய்க்கத் தேய்க்க இன்னொரு கோடு தெரிந்தது. கீலில் பழைய ஸ்க்ரூ எதுவும் பிடிக்கவில்லை. கடைக்கு ஓடி நீள ஸ்க்ரூ வாங்கினான். தனியாகத் தூக்கி நிறுத்தியபோது முதுகு பிடித்துக்கொண்டது. ஒரு தடவை கதவு தலைகீழாக நின்றது. இன்னொரு தடவை தரையில் உரசியது. கழற்றி, அடியில் இழைத்து, மறுபடி மாட்டினான். திட்டுவதற்கு ஆள் இல்லாததால் கதவையே திட்டினான். கடைசியில் உள்பக்கம் ஒரு புதுத் தாழ்ப்பாள் வைத்தான். வெளிப்பக்கம் எதுவும் வைக்கவில்லை.

பெண் வந்து கதவைப் பார்த்தாள். புதுத் தாழ்ப்பாளை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தாள். உள்ளே போய்ச் சாத்திக்கொண்டாள். தாழ் விழுகிற சத்தம் கேட்டது.

நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னால் என்னவாம் என்று அவனுக்கு வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டு போய் முகம் கழுவினான்.

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா சொன்னபடி வந்து இறங்கினாள். ஹாலில் உட்கார்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். சாத்திய கதவைப் பார்த்தாள்.

"என்ன தம்பி, காலையிலேயே கதவ சாத்திக்கிட்டு இருக்கா? பையெல்லாம் ரெடியா? ஓணானத் தூக்க ஒரு கூடை கொண்டாந்திருக்கேன். போய்க் கூப்பிடுங்க."

மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தாள். எதற்கும் பதறாதவள்.

மெக்கானிக் எழுந்து போனான். தன் வீடு, தன் கையால் மாட்டிய கதவு. பழக்கத்தில் கை தள்ளப் போயிற்று. பின்னால் இழுத்துக்கொண்டு, விரலை மடக்கி, மெதுவாகத் தட்டினான்.

"யாரு?"

யார் என்று கேட்டால் என்ன சொல்வது? இத்தனை நாளும் அவள் அவனுக்கு ஒரு பெயர் வைக்கவில்லை. அவனும் இன்னார் என்று சொல்லிக்கொண்டதில்லை. ஹாலில் இரண்டு பெண்களும் அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொண்டையைச் செருமினான்.

"நான்தான்" என்றான்.

தாழ் விலகாமலேயே குரல் வந்தது.

"அப்புறம் வாங்க. மேனேஜர் சாப்பிடறார்." கொஞ்சம் நிறுத்தி, "பெரியம்மாவ டீ குடிச்சிட்டுக் கிளம்பச் சொல்லுங்க. நாங்க எங்கயும் வரல."

மெக்கானிக் சாத்திய கதவைப் பார்த்துத் தலையாட்டினான். பிறகு திரும்பி வந்து பெரியம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தான்.

"அப்புறம் வரச் சொல்றா, அக்கா. நீங்க டீ குடிங்க" என்றான்.